கார் ஏசி சத்தம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் கார் ஏசி வேலை மட்டும் பார்க்கும் பட்டறை என்னுடையது. மாசி முடிந்ததும் போன் வர ஆரம்பிக்கும், கத்திரி வெயில் அடங்கும்வரை நிற்காது. கூலிங் குறைந்தால் மக்கள் ஒரு மாதம்கூடப் பொறுத்துக்கொள்கிறார்கள். சத்தம் வந்தால் மட்டும் அன்றைக்கே பதறிப்போய் வருகிறார்கள், கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் போய்விட்டது என்று அவர்களே முடிவும் கட்டியிருப்பார்கள். பயந்து வருகிறவர் யார் என்ன செலவு சொன்னாலும் தலையாட்டிவிடுவார். அதைப் பார்த்து மனசு கேட்காமல்தான் இந்தக் கேள்வி பதில்களை எழுதி வைக்கிறேன். கேட்டவர்கள் சொன்ன வார்த்தைகளிலேயே கேள்விகளைக் கொடுத்திருக்கிறேன்.

ஏசி பட்டனை அழுத்தினதும் முன்னாடி 'டக்'குனு ஒரு சத்தம். ஏதாவது உடைஞ்சிருச்சா?

இல்லை. அது மேக்னடிக் கிளட்ச் ஒட்டும் சத்தம். இன்ஜின் ஓடும்போதெல்லாம் கம்ப்ரசரின் முன்னால் இருக்கும் புல்லி பெல்ட்டோடு சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும், உள்ளே கம்ப்ரசர் சுற்றாது. ஏசி போட்டதும் கிளட்ச் காயிலுக்குக் கரண்ட் போகும், அது காந்தமாகி முன்தட்டை இழுத்துப் புல்லியோடு ஒட்டவைக்கும். இரண்டுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் போலத்தான் இடைவெளி. அது மூடும்போது கேட்பதுதான் 'டக்'. கம்ப்ரசரின் பாரம் ஏறுவதால் அதே நேரம் இன்ஜின் சத்தமும் கொஞ்சம் மாறும்.

வண்டிக்குள் நன்றாகக் குளிர்ந்ததும் கிளட்ச் விடும், அப்புறம் மறுபடி பிடிக்கும். இடைவெளி விட்டு விட்டு இப்படிக் கேட்டால் பயமே வேண்டாம். புது வண்டிகள் சிலவற்றில் கிளட்ச் இல்லாத கம்ப்ரசர் வருகிறது, அவற்றில் இந்த 'டக்' கேட்காது.

வண்டியை ஆஃப் பண்ணினதும் டேஷ்போர்டுக்குள்ள 'உஸ்ஸ்'னு காத்து எறங்குது. கேஸ் லீக்கா?

இதுவும் இயல்புதான். ஏசி ஓடும்போது, குளிரைத் தரும் ஆர்-134ஏ கேஸ் குழாயின் ஒரு பக்கம் சுமார் 30 முதல் 40 பிஎஸ்ஐ அழுத்தத்திலும், மறுபக்கம் வெயிலைப் பொறுத்து 200, 250 பிஎஸ்ஐ வரையிலும் இருக்கும். நிறுத்தியதும் அந்த அதிக அழுத்தம், கேஸை விரியவிடும் எக்ஸ்பான்ஷன் வால்வின் சின்னத் துளை வழியாக அழுத்தம் குறைந்த பக்கம் இறங்கும். இரண்டும் சமமாகும்வரை 'உஸ்' கேட்கும், பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் அடங்கிவிடும்.

ஏசி ஓடிக்கொண்டிருக்கும்போதே விடாமல் 'உஸ்' என்றோ மெல்லிய விசில் போலவோ கேட்டு, கூலிங்கும் குறைந்திருந்தால் அது வேறு கதை. வால்வுக்கு முழுத் திரவமாக வர வேண்டிய கேஸ் குறைந்துபோய், பாதி ஆவியாக வந்து சீறுகிறது. கேஸ் எங்கோ வெளியேறியிருக்கிறது என்று அர்த்தம். ஆனால் வெளியேறும் அந்த லீக் பெரும்பாலும் காதுக்குக் கேட்காது, மாதக்கணக்கில் மெல்லக் கசியும். குழாய் இணைப்பில் எண்ணெய்ப் பிசுக்கும் அதில் ஒட்டிய தூசியும் தெரிந்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள்.

சத்தம் எங்கிருந்து வருதுன்னு நானே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும், ஸ்பானர்கூட வேண்டாம். சத்தம் எப்படி இருக்கிறது என்பதை ஆளுக்கு ஆள் வேறு மாதிரி சொல்வார்கள். எப்போது வருகிறது, எதைப் போட்டால் மாறுகிறது என்பதில் குழப்பமே வராது. அதனால் நான் எப்போதும் இந்த வரிசையில்தான் பார்ப்பேன், நீங்களும் இப்படியே பாருங்கள்.

முதலில் இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, ப்ளோயரை 1, 2, 3, 4 என்று ஏற்றிக்கொண்டே போங்கள். இப்போதே சத்தம் வந்தால் அது டேஷ்போர்டுக்குள் இருக்கும் ப்ளோயரின் சத்தம், கம்ப்ரசருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து ப்ளோயரையும் ஏசியையும் ஆஃபில் வைத்துவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்து, பானெட்டைத் திறந்து கேளுங்கள். இப்போது வருவது பெல்ட், டென்ஷனர் (பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் உருளை) அல்லது ஏதோ ஒரு புல்லியின் பேரிங். கடைசியாக ஏசியைப் போடுங்கள். அதன் பிறகு மட்டும் புதிதாகச் சேரும் சத்தம் கிளட்ச், கம்ப்ரசர், கண்டென்சர் ஃபேன் இந்த மூன்றில் ஒன்று. கண்டென்சர் என்பது கேஸின் சூட்டை வெளியே தள்ளும், வண்டியின் முன்னால் இருக்கும் பாகம். அந்த நிலையிலேயே வேறொருவரை லேசாக ஆக்சிலரேட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். கம்ப்ரசர் சத்தம் இன்ஜினோடு சேர்ந்து ஏறும். ஃபேன் மின்சார மோட்டாரில் ஓடுவதால் அதன் சத்தம் ஏறாது.

ஒரு வேண்டுகோள். பானெட்டைத் திறந்து பார்க்கும்போது கழுத்தில் துண்டு, துப்பட்டா, சட்டைக்கு வெளியே செயின் எதுவும் தொங்கக் கூடாது. கண்டென்சர் ஃபேன் பக்கம் கையே கொண்டுபோகாதீர்கள், இன்ஜின் நின்றிருந்தாலும் அது தானாகச் சுற்றத் தொடங்கும்.

ப்ளோயரை 1-ல வச்சா சத்தமில்ல, 3-க்கு மேல வச்சா 'தட தட'ன்னு அடிக்குது. மோட்டார் போச்சா?

மோட்டாரைச் சந்தேகப்படும் முன் குப்பையைச் சந்தேகப்படுங்கள். போன சித்திரையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் தன் சின்னக் காரைக் கொண்டுவந்தார். வேறொரு இடத்தில் ப்ளோயர் மோட்டாரை மாற்ற வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். கிளவ் பாக்ஸுக்குக் கீழே மூன்று ஸ்குரூவைக் கழற்றி ப்ளோயரைக் கீழே இறக்கினேன். சக்கரத்தின் இதழ்களுக்கு நடுவே விரல் நீள வேப்பங்குச்சி ஒன்று குறுக்கே சிக்கி நின்றது. அதன் கீழே காய்ந்த வேப்பம்பூ ஒரு கைப்பிடி இருக்கும். தட்டி எடுத்து, பிரஷ்ஷால் துடைத்து மாட்டினதும் நாலாம் நம்பரிலும் சத்தமில்லை. "மரத்தடியில் விட்டால் வண்டிக்கு நல்லதுன்னுதானேப்பா நினைச்சேன்" என்றார். நிழல் நல்லதுதான். வாரம் ஒருமுறை வைப்பருக்குக் கீழே இருக்கும் கம்பி வலையில் சேரும் இலை, பூவை அள்ளிப் போட்டுவிட்டால் போதும்.

எலி நுழைந்த வண்டிகளில் வேர்க்கடலைத் தோல், பஞ்சு, கடித்த காகிதம் எல்லாம் எடுத்திருக்கிறேன். கேபின் ஃபில்டர் இருக்கும் வண்டி என்றால் அதை முதலில் வெளியே எடுத்துப் பாருங்கள், பல வண்டிகளில் கிளவ் பாக்ஸைக் கழற்றினாலே கைக்கு வந்துவிடும். குப்பை எதுவும் இல்லாமல் 1-லேயே 'கீ கீ' என்று முனகினால் மோட்டாரின் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்திருக்கிறது. அப்போதுதான் மோட்டாரை மாற்றும் பேச்சு.

காலையில ஸ்டார்ட் பண்ணி ஏசி போட்டதும் 'கிரீச்'சுன்னு கத்துது, ரெண்டு நிமிஷத்துல நின்னுடுது. மழைக்காலத்துல ரொம்ப மோசம்.

பெல்ட் வழுக்குகிறது. ஈரத்தில் பிடிப்பு குறையும். ஏசி போட்டதும் புல்லியைச் சுற்றுவதற்குத் திடீரென்று அதிக பலம் தேவைப்படுவதால் பெல்ட் தேய்ந்துகொண்டு கத்துகிறது. ஓடி ஓடி ஈரம் காய்ந்ததும் சத்தம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகையில் இந்தப் புகார் வராத நாளே இல்லை.

இன்ஜின் ஓடும்போது, தள்ளி நின்று, பெல்ட்டின் பள்ளம் உள்ள பக்கத்தில் ஸ்ப்ரேயரால் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சத்தம் இன்னும் கூடினால் பெல்ட் தொய்ந்திருக்கிறது அல்லது டென்ஷனர் இழுவை குறைந்துவிட்டது. கொஞ்ச நேரம் சத்தம் அடங்கி மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. இது தெரியாமல் புது பெல்ட் போட்டால் ஒரே மாதத்தில் அதுவும் கத்தும்.

பெல்ட்ல சோப்பு, கிரீஸ், பவுடர் ஏதாவது தடவலாமா? எங்க டிரைவர் அப்படித்தான் பண்றார்.

வேண்டாம். கிரீஸும் எண்ணெயும் ரப்பரை ஊதவைக்கும், பெல்ட் இன்னும் வழுக்கும். சோப்பு அன்றைக்கு மட்டும் சத்தத்தை மறைக்கும். பெல்ட்டின் விலை ஏசியின் மற்ற பாகங்களோடு பார்த்தால் மிகக் குறைவு. வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

ஏசி போடாமலே 'கர்ர்ர்'னு ஒரு சத்தம். ஆனா மெக்கானிக் அது ஏசி வேலைன்னு அனுப்பிட்டார். ஏசிதான் ஆஃப்ல இருக்கே?

அவர் சொன்னது சரியாக இருக்கலாம். புல்லி சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? அது ஒரு பேரிங்கின் மேல்தான் சுற்றுகிறது. நீங்கள் குளிர்காலம் முழுவதும் ஏசியே தொடாமல் இருந்தாலும் அந்த பேரிங் ஓய்வெடுப்பதில்லை. கிரீஸ் காய்ந்துபோனால் மாவு மில் போல ஒரு கரகரப்பு வரும், ஏசி போட்டால் அந்தச் சத்தம் கொஞ்சம் மாறும், ஆனால் போகாது.

உறுதி செய்ய, இன்ஜினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, புல்லியைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். நல்ல பேரிங் வெண்ணெய் போலச் சுற்றும். கெட்டது விரல் நுனிக்கே மணல் போலத் தெரியும். இந்த பேரிங்கை மட்டும் பல வண்டிகளில் தனியாக மாற்றலாம், கேஸைத் திறக்கவே தேவையில்லை. "மொத்தக் கம்ப்ரசரும் போட வேண்டும்" என்று யாராவது சொன்னால், பேரிங் மட்டும் கிடைக்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதே பெல்ட்டில் ஆல்டர்னேட்டர், டென்ஷனர் இவற்றின் பேரிங்குகளும் ஓடுகின்றன. எல்லாவற்றையும் கையால் சுற்றிப் பார்த்த பிறகே முடிவு சொல்ல வேண்டும்.

ஏசி போட்டா மட்டும் 'கட கட'ன்னு அடிக்குது. கம்ப்ரசர் மாத்தணும்னு சொல்லிட்டாங்க. நம்பலாமா?

நம்புவதற்கு முன் நான்கு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். நான் அதிகமாக ஆதங்கப்படுவது இந்த இடத்தில்தான்.

முதலாவது, கம்ப்ரசரைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள். ஒரு டாக்ஸி ஓட்டுநர், கம்ப்ரசர் விலை கேட்டு, கடன் வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டே என்னிடம் வந்தார். டார்ச் அடித்துப் பார்த்தேன். நான்கு போல்ட்டில் ஒன்று இல்லவே இல்லை. இன்னொன்றின் துளையைச் சுற்றி அலுமினியம் தேய்ந்து வெள்ளி போலப் பளபளத்தது. அந்த இடம் ஆடுகிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். புது போல்ட் இரண்டு போட்டு இறுக்கியதும் 'கட கட' நின்றுவிட்டது. கம்ப்ரசர் அப்படியேதான் இருக்கிறது, இன்றும் அதோடுதான் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

இரண்டாவது, கிளட்ச் தட்டு. இடைவெளி கூடிப்போனால் தட்டு சரியாக ஒட்டாமல் உரசி வழுக்கும், தீய்ந்த வாசனையும் வரும். மூன்றாவது, ஏசி குழாய் எங்காவது பாடியில் உரசுகிறதா என்பது. குழாயைக் கையால் அழுத்திப் பிடித்தால் சத்தம் மாறும், ஒரு கிளாம்பும் ரப்பரும் போட்டால் முடிந்தது. கண்டென்சரிலிருந்து வரும் மெல்லிய குழாய்தான் பெரும்பாலும் இப்படி உரசும். உரசி உரசி ஒருநாள் ஓட்டை விழும் என்பதால் சத்தம் சின்னது என்று விட்டுவிடக் கூடாது. நான்காவது, கேஜ் மாட்டி அழுத்தம் பார்ப்பது. கேஸ் அதிகமானாலும் நல்ல கம்ப்ரசர்கூடத் தட்டும். இந்த நான்கும் சரியாக இருந்து, இரண்டு பக்க அழுத்தமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே நின்று, சத்தமும் உள்ளிருந்து உலோகமாகக் கேட்டால் கம்ப்ரசர் உள்ளே தேய்ந்துவிட்டது. அப்போது மாற்றச் சொன்னவர் சொன்னது உண்மை.

சத்தமே கேஸ் போட்டதுக்கு அப்புறம்தான் வந்தது. தற்செயலா?

தற்செயல் இல்லை. கார் ஏசிக்கு எத்தனை கிராம் கேஸ் வேண்டும் என்று பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் பெரும்பாலும் எழுதியிருக்கும். சின்னக் கார்களுக்கு அரைக் கிலோவை ஒட்டித்தான் வரும். தராசு வைக்காமல், "இன்னும் கொஞ்சம் அடிச்சா ஜில்லுனு இருக்கும்" என்று ஏற்றினால் அழுத்தம் எகிறும், கம்ப்ரசர் 'ஊம்ம்' என்று முனகும், வண்டி இழுக்காது, கூலிங்கும் குறையும். ஆவியாக வர வேண்டிய கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குள் நுழைந்துவிட்டால் 'டம் டம்' என்று அடிக்கும். திரவத்தை அமுக்க முடியாது, அதனால் உள்ளே வால்வு உடையும்.

எண்ணெய் விஷயமும் இதில் உண்டு. லீக்கோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் வெளியே போயிருக்கும். கேஸை மட்டும் நிரப்பி எண்ணெயை மறந்தால் கம்ப்ரசர் வறண்டு கத்தும். கேஸ் போடப் போனால் மூன்று கேள்வி கேளுங்கள்: லீக் எங்கே என்று பார்த்தீர்களா, வேக்கம் (குழாயிலிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுப்பது) எத்தனை நிமிடம் போட்டீர்கள், எத்தனை கிராம் ஏற்றினீர்கள். கேஸ் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. வருடாவருடம் போட வேண்டியிருந்தால் லீக்கை யாரும் அடைக்கவில்லை என்று அர்த்தம். ஆர்-134ஏ கேஸ் புவியைச் சூடாக்குவதில் கார்பன் டை ஆக்சைடைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம் கொண்டது. அதைச் சும்மா காற்றில் விடுவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

முதல்ல சொன்ன 'டக்' சத்தம் எனக்கு அஞ்சு செகண்டுக்கு ஒரு தடவை வருது. இதுவும் நார்மலா?

இது நார்மல் இல்லை. பிடித்த உடனே விட்டு, விட்ட உடனே பிடித்தால் பிரஷர் சுவிட்ச் கம்ப்ரசரைக் காப்பாற்றப் பார்க்கிறது. கேஸ் குறைந்திருந்தாலும் அப்படி நிறுத்தும், அழுத்தம் அளவு மீறினாலும் நிறுத்தும். நெடுஞ்சாலையில் சரியாக இருந்து சிக்னலில் நிற்கும்போது மட்டும் இப்படி ஆனால், அடுத்து வரும் ஃபேன் பதிலைப் படியுங்கள்.

டிராஃபிக்ல நிக்கும்போது முன்னாடி 'ஹோ'ன்னு எரைச்சல், ஓடும்போது இல்ல.

கண்டென்சர் ஃபேன் வேகமாகச் சுற்றும் சத்தம் அது. வேலூர் வெயிலில் அது முழு வேகத்தில் ஓடத்தான் வேண்டும். இரைச்சலோடு 'டக டக' என்று அடித்தால் இறக்கை உடைந்தோ வளைந்தோ கூட்டில் உரசுகிறது, கரகரத்தால் மோட்டார் புஷ் தேய்ந்திருக்கிறது.

சத்தமே இல்லாமல் ஃபேன் நின்றுபோவதுதான் இன்னும் மோசம். நிற்கும்போது காற்றில்லாமல் அழுத்தம் ஏறும், கம்ப்ரசர் முனகும், கூலிங் போய்விடும். கிளம்பி ஓடினால் எதிர்க்காற்றில் எல்லாம் சரியாகிவிடும். இதைக் கம்ப்ரசர் கோளாறு என்று நினைத்துச் செலவு செய்தவர்கள் உண்டு.

வளைவுல திரும்பினா டேஷ்போர்டுக்குள்ள தண்ணி 'சலசல'ன்னு ஆடுது. ரேடியேட்டர் தண்ணியா?

இடதுபக்க மிதியடியைத் தூக்கித் தரைவிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். ஈரமாக, நிறமில்லாமல் இருந்தால் அது கூலிங் காயிலில் படியும் தண்ணீர். காற்றிலிருக்கும் ஈரம்தான் அப்படி நீராகிறது, அது வண்டிக்கு அடியில் சொட்ட வேண்டும். ட்ரெயின் குழாயில் மண்ணோ குளவிக்கூடோ அடைத்தால் உள்ளேயே தேங்கி ஆடும். குழாயின் வெளிவாயில் வழியாக மெதுவாகக் காற்று ஊதினாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும். கம்பியை ஆழமாகக் குத்தாதீர்கள், உள்ளே காயில் இருக்கிறது.

'சலசல' இல்லாமல் 'களகள' என்று, ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது கேட்டால் அது ஹீட்டர் குழாயில் காற்று மாட்டியிருப்பது. கூலண்ட் குறைந்திருக்கலாம். இன்ஜின் ஆறிய பிறகு அளவைப் பாருங்கள், இதைத் தள்ளிப்போட்டால் இன்ஜினே சூடாகிப் போகும்.

சாவி போட்டதும் உள்ள 'டிக் டிக் டிக்'குன்னு பத்து பதினஞ்சு செகண்ட் வந்து நின்னுடுது.

காற்றின் வழியை மாற்றும் கதவுகளைச் சின்ன சர்வோ மோட்டார்கள் திருப்புகின்றன. அதன் பிளாஸ்டிக் கியரில் பல் உடைந்தால் திரும்ப முடியாமல் துள்ளும், அதுதான் இந்த 'டிக் டிக்'. உள்காற்று-வெளிக்காற்று பட்டனையும், குளிர்-சூடு குமிழையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். எதைத் தொட்டால் சத்தம் வருகிறதோ அந்த மோட்டார். ஆபத்து இல்லை, அவசரமும் இல்லை.

கம்ப்ரசர் உள்ள உடைஞ்சுடுச்சு, சரி. அதை மட்டும் மாத்தினா போதாதா? கண்டென்சர், டிரையர் எல்லாம் சேர்த்து லிஸ்ட் குடுக்கறாங்களே.

இந்த ஒரு இடத்தில் நீண்ட லிஸ்ட் பெரும்பாலும் நியாயமானது. உள்ளே உடைந்த உலோகப் பொடி எண்ணெயோடு கலந்து கறுப்புச் சேறாகக் குழாய் முழுக்கப் போயிருக்கும். குழாயைக் கழற்றி வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள், மினுமினுப்பு தெரிந்தால் சந்தேகமில்லை. இன்றைய கண்டென்சரின் வழிகள் மிகக் குறுகலானவை, அந்தப் பொடியை முழுதாகக் கழுவி எடுப்பது நடக்காத காரியம். மிச்சம் வைத்தால் புதுக் கம்ப்ரசரும் சீக்கிரமே அதே 'கட கட'வோடு வரும். கேஸிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் டிரையரை எப்படியும் மாற்றியாக வேண்டும், எக்ஸ்பான்ஷன் வால்வையும் சேர்த்து மாற்றுவது நல்லது. துணியில் எண்ணெய் தெளிவாக இருந்தால் மட்டும் கண்டென்சரை விட்டுவைக்கலாம்.

என்னுது எலக்ட்ரிக் கார். நிறுத்தி சார்ஜ் போட்டிருக்கும்போதும் முன்னாடி 'ங்ங்'னு ரீங்காரம். யாரும் உள்ள இல்லையே?

பேட்டரியைக் குளிரவைக்கவும் பல எலக்ட்ரிக் கார்கள் ஏசி கம்ப்ரசரைத்தான் பயன்படுத்துகின்றன. வேகமான சார்ஜரில் போட்டால் பேட்டரி சூடாகும், கம்ப்ரசரும் ஃபேனும் தானாக ஓடும். பெல்ட் இல்லை, புல்லி இல்லை, அதனால் மேலே சொன்ன 'டக்', 'கிரீச்' இரண்டும் இங்கே கிடையாது. இன்ஜின் சத்தம் இல்லாததால் சின்ன ரீங்காரமும் பெரிதாகக் கேட்கும்.

இந்தக் கம்ப்ரசரை நீங்களோ பழக்கமில்லாத மெக்கானிக்கோ தொடவே கூடாது. ஆரஞ்சு நிற ஒயரில் வருவது உயிரைப் பறிக்கும் வோல்டேஜ். எண்ணெயும் வேறு. பெட்ரோல் வண்டியின் கம்ப்ரசருக்கு ஊற்றும் பேக் (PAG) எண்ணெய் மின்சாரத்தைக் கசியவிடும், பெரும்பாலான எலக்ட்ரிக் கம்ப்ரசர்களுக்கு பிஓஇ (POE) எண்ணெய்தான். கேஸ் போடும் மெஷினின் ஹோஸில் பழைய எண்ணெய் மிச்சம் இருந்தாலே தொல்லை. அதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வண்டியைக் கொடுங்கள்.

பாதி வழியில சத்தம் ஆரம்பிச்சா ஓட்டிட்டு வீட்டுக்குப் போகலாமா?

ஏசியை அணைத்ததும் சத்தம் நின்றால் ஏசி இல்லாமல் போகலாம். அணைத்தும் கரகரப்பு நிற்காமல், ரப்பர் தீயும் வாசனையோ புகையோ வந்தால் ஓரமாக நிறுத்திவிடுங்கள். புல்லி இறுகிவிட்டால் பெல்ட் அறுந்துபோகும். பல வண்டிகளில் அதே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும், சிலவற்றில் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. பத்து கிலோமீட்டர் மிச்சம் என்று ஓட்டிப்போய் இன்ஜின் ஹெட் வரை செலவு இழுத்துக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு டோ வண்டிக்குக் கொடுப்பதுதான் குறைந்த செலவு.

உங்க பட்டறைக்கு வந்தா மட்டும் சத்தம் வர மாட்டேங்குதே, என்ன பண்றது?

போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். சீட்டில் உட்கார்ந்து ஒன்று, பானெட் திறந்து ஒன்று, அரை நிமிடம் போதும். பதிவு செய்யும்போதே "இப்ப ஏசி ஆன் பண்றேன், இப்ப ப்ளோயர் 2" என்று வாயால் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். காலையில் மட்டுமா, மேட்டில் ஏறும்போதா, மழையிலா என்பதையும் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். காலையில்தான் வருகிறது என்றால் முதல் நாள் இரவே வண்டியைப் பட்டறையில் விட்டுவிடுங்கள். காலையில் இன்ஜின் ஆறியிருக்கும்போது நானே ஸ்டார்ட் பண்ணிக் கேட்கிறேன்.